புகைக்குப் பங்கு பிரிப்பவர்

துறைமுகம் உள்ள ஊர்களில் எல்லாம் ஓர் இனம் வாழ்கிறது. மாலையில் கடற்கரைக்கு வரும் மற்ற மனிதர்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "அப்பாடா, என்ன காத்து!" என்பார்கள். இந்த இனத்தார் கண்ணை மூடமாட்டார்கள். மூச்சையும் பாதிதான் இழுப்பார்கள். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, நீங்கள் கேட்காமலே, நீங்கள் இப்போது உள்ளே இழுத்தது என்னவென்று சொல்லத் தொடங்குவார்கள். காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தாளில் பிடித்து, அதில் எது எவ்வளவு, எது யாரிடமிருந்து வந்தது என்று நூற்றுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுப்பவர்கள். பங்குப் பிரிப்பாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொல்லாதவர்கள் அல்ல. யாரையும் கடிக்கமாட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள், தொல்லையே அதுதான்.

நானும் அந்த இனம்தான். இருந்தாலும் மாதிரி காட்ட என்னையே நிறுத்திக்கொண்டால் நன்றாக இராது. கலிபோர்னியாவில் லாங் பீச்சுக்குப் பக்கத்திலே சான் தெல்மோ என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே டிராகோ பெட்ரிச் இருக்கிறார். அவரைக் காட்டுகிறேன்.

பெட்ரிச்சின் தாத்தா குரோஷியாவிலிருந்து வந்து இந்தக் கடலில் சூரை மீன் பிடித்தவர். அப்பா மத்தி பிடித்தவர். பெட்ரிச் பிடிப்பது தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசி. குடும்பத்தில் பிடிபடும் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் பிடித்ததைப் பற்றிப் பேசும் பேச்சு அதே வேகத்தில் நீண்டிருக்கிறது என்பார் அவரே, சிரித்துக்கொண்டே. தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் எங்கள் இனத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறர் செய்யும்முன் நாமே செய்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் பாருங்கள்.

ஆங்கர் தெரு ஆரம்பப் பள்ளியின் மொட்டை மாடியில் அவருடைய காற்று உறிஞ்சும் கருவி நிற்கிறது. அதில் வெள்ளைத் தாளை வைத்துவிட்டு வருவார்; மறுநாள் போய் எடுத்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும். உங்களுக்கும் எனக்கும், தெருவில் போகிற எவருக்கும் அந்த நிறமே போதும். பெட்ரிச்சுக்குப் போதாது. பாதியை உலையில் சுட்டுக் கரி எவ்வளவு என்று அளப்பார். மறு பாதியைத் தண்ணீரில் ஊறவைத்து சல்பேட், நைட்ரேட், அம்மோனியம் பார்ப்பார். இன்னொரு தாளை உலோகங்களுக்கென்று தனியாக வைத்து அதில் வனேடியம் இருந்தால் கப்பல் எண்ணெய், செம்பு இருந்தால் பிரேக்குத் தேய்மானம், துத்தநாகம் இருந்தால் டயர் என்று பெயர் எழுதுவார். இதற்கெல்லாம் நடுவே ஒரு தாள் மட்டும் எதுவும் செய்யாமல் போய்வரும். மாடிக்கு எடுத்துப் போய், திறந்து, காற்றே இழுக்காமல் மூடி, திருப்பிக் கொண்டுவந்து அதையும் இதே மரியாதையோடு சோதிப்பார்கள். எங்கள் கையால் ஒட்டிய அழுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். சும்மா போய்ச் சும்மா வந்ததற்காக இவ்வளவு கவனிக்கப்படுவது அந்தத் தாளும், மாநாடுகளில் எங்கள் துறைத் தலைவர்களும்தான்.

இந்த அளவுகளையெல்லாம் கணினிக்குள் போட்டால் அது ஐந்து கும்பலாகப் பிரித்துத் தரும். கும்பலுக்குப் பெயர் மட்டும் தராது. பெயர் நாங்கள்தான் வைக்க வேண்டும். காப்பியும் டோனட்டுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாத சண்டை போட்டு, கரியும் செம்பும் உள்ளதற்கு லாரி, வனேடியம் உள்ளதற்குக் கப்பல், சோடியம் உள்ளதற்குக் கடல், மரம் எரியும்போது உண்டாகும் ஒருவகைச் சர்க்கரையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளதற்கு அடுப்பு என்று வைத்துவிடுவோம். கடைசியில் ஒன்று மிஞ்சும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளது, எவர் ஜாடையும் இல்லாதது. அதற்கு என்ன பெயர்? 'தெரியவில்லை' என்று வைக்கலாம். எங்கள் அகராதியில் அந்தச் சொல் இல்லை. 'பலவும் கலந்து முதிர்ந்தது' என்று வைப்போம். கேட்க எவ்வளவு கனமாக இருக்கிறது!

இப்படிப்பட்டவரைக் காதலித்த பெண்ணும் உண்டு. மரிசெல் என்று பெயர், பிலிப்பைன்ஸ்காரி, அதே ஆங்கர் தெருப் பள்ளியில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாலை இருவரும் கடற்கரையில் நடந்தபோது அவள் சொன்னாளாம்:

"கடல் காத்து எவ்வளவு சுத்தமா இருக்கு, டிராகோ!"

"சுத்தம்னு சொல்லிட முடியாது. ராத்திரியில ஊர்ப்புகை பூரா காத்தோட கடலுக்குள்ள போயிடும். பகல்ல கடல்காத்து அதையே திருப்பிக் கொண்டாந்து விடும். நேத்து நாம விட்டதுதான் இது. கொஞ்சம் பழசாயிருக்கு, அவ்வளவுதான்."

அன்றைக்கு அவளுக்கு அது பெரிய அறிவாகப் பட்டது. கல்யாணமான பிறகு, கடற்கரைக்குப் போவதென்றால் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

பக்கத்து வீட்டு ஒக்டாவியோ ரெண்டெரியாவின் அனுபவமும் இதேதான். ஒக்டாவியோ துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகம் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் கரி மூட்டி மாட்டிறைச்சி வாட்டுவார். வேலிக்கு மேலே பெட்ரிச்சின் தலை எட்டிப் பார்க்கும். கொழுப்பு சொட்டிக் கரியில் விழும்போது என்னென்ன அமிலம் எழும்புகிறது, அது எத்தனை மணி நேரம் காற்றில் நிற்கும் என்று தொடங்குவார். ஒக்டாவியோ ஒரு தட்டை நீட்டுவார்.

"டாக்டரே, இத மொதல்ல உள்ள தள்ளுங்க. வாயி நெறஞ்சிருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி."

மூன்று தட்டு தின்றுவிட்டு, "இது மொத்தத்துல ரொம்பச் சின்னப் பங்குதான், பயப்படாத" என்று ஆறுதலும் சொல்லிவிட்டு வருவார் பெட்ரிச்.

இதுவரை சிரிக்கிற விஷயம். இனிச் சொல்லப்போவதற்கும் சிரிக்கலாம், முடிந்தால்.

துறைமுகத்து லாரிகள் நெடுஞ்சாலைக்குப் போகும் வழி ஆங்கர் தெரு. பள்ளியின் விளையாட்டு மைதானத்துக் கம்பி வேலியை உரசிக்கொண்டுதான் அவை போகும். சிக்னலுக்காக அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கும். ரயில் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு பாதை இருக்கிறது. அங்கே வீடு இல்லை, பள்ளி இல்லை. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். லாரிகளை அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று மரிசெல் தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தாள். விளையாட்டு நேரம் முடிந்ததும் அவளுடைய அறை வாசலில் இழுத்து இழுத்து மூச்சு விடும் பிள்ளைகள் வரிசை நிற்கும். அலமாரி நிறைய, பெயர் ஒட்டிய மூச்சு மருந்துக் குழாய்கள். ஒரு பெண் குழந்தை, ஓடிப்பிடித்து விளையாடுவது தனக்குப் பிடிக்காது என்று அவளிடம் சொன்னது. பிடிக்காமல் இல்லை; முடியவில்லை என்று சொல்ல வெட்கம். அன்று வீட்டுக்கு வந்து மரிசெல் அழுதாள்.

கடைசியில் நகரக் குழு இதைப் பேச ஒரு பொதுக் கூட்டம் வைத்தது. அன்றைக்கே ஓட்டெடுப்பு.

"நீ வந்து 'லாரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, டிராகோ. அது போதும்."

"ஒரு வார்த்தையில எப்படி மரிசெல்..."

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. அந்த ஒரு வார்த்தையையே பத்து தடவ சொல்லு."

பெட்ரிச் சம்மதித்தார். மனப்பூர்வமாகத்தான் சம்மதித்தார், அந்த வரிசையை அவரும் பார்த்தவர்தானே. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினார். "லாரி." நன்றாகத்தான் இருந்தது. "பெரும்பாலும் லாரி." இது இன்னும் நேர்மையாகப் பட்டது. "கிடைத்த தரவுகளின் எல்லைக்குள், பெரும்பாலும் லாரி எனக் கருத இடமுண்டு." ஆகா! குளியலறைக் கதவுக்கு வெளியே மரிசெல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. முதலில் எழுந்தவர் கப்பல் சரக்குக் கம்பெனிகளின் வக்கீல் விட்டேக்கர். வெண்ணெயில் வார்த்த குரல். லாரியையே ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்குப் புரியவில்லை என்றார். அடுத்து, யாரும் எதிர்பாராமல், ஒக்டாவியோ எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழுத் தலைவியைப் பார்த்தார்.

"அம்மா, நான் லாரி ஓட்டுறவன். இவரு புரியலேங்கறாரு. எனக்குப் புரியுது. என் வண்டி விடுற புகைய கண்ணாடியில நானே பாக்குறேன். அந்தப் புள்ளைங்க வேலிக்கு அந்தாண்ட நிக்கிறதையும் பாக்குறேன். நாங்கதாம்மா பண்றோம். அந்தத் தண்டவாள ரோட்டத் தொறந்து விடுங்க, அதுல போயிடறோம். கால் மணி நேரம் கூட ஆவும். ஆயிட்டுப் போவட்டும்."

 தாய்மார்கள் எழுந்து நின்று தட்டினார்கள். குற்றவாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்டுவிட்டார். இனி என்ன வேண்டும்? வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். அந்த நேரத்தில்தான் குழுத் தலைவி லொரேன் டக்வொர்த் அம்மையார் பெட்ரிச்சின் பெயரைக் கூப்பிட்டார்.

வாசகரே, இங்கே நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? "அவர் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பெட்ரிச் ஒலிபெருக்கிக்கு முன் போய், ஒக்டாவியோவைப் பரிவோடு பார்த்து, இப்படித் தொடங்கினார்:

"என் நண்பர் கொஞ்சம் மிகைப்படுத்துறாரு. லாரியோட நேரடிப் பங்கு இருபத்தெட்டு சதவீதம்தான்."

ஒக்டாவியோ வாயைத் திறந்தபடி நின்றார். "டாக்டரே, நாங்கதான்னு நானே சொல்றேனே!"

"உணர்ச்சிவசப்படாத ஒக்டாவியோ. உன் மேல இல்லாத பழிய நீ ஏத்துக்க வேண்டியதில்ல." பெட்ரிச் தாளைப் புரட்டினார். "அடுப்பும் மரப்புகையும் பதினெட்டு. கடல் உப்பு பதினாலு. கப்பல் ஒன்பது. மீதி முப்பத்தொண்ணு, பலவும் கலந்து முதிர்ந்தது."

அந்த முப்பத்தொன்றில் பெரும்பகுதி, லாரியிலிருந்து கிளம்பிய புகையே வெயிலிலும் கடல் ஈரத்திலும் கிடந்து மாறி, கடல் உப்பிலிருந்த குளோரினை விரட்டிவிட்டு அந்த இடத்தில் நைட்ரேட்டாக உட்கார்ந்துகொண்டதுதான் என்று அவருக்கு நெஞ்சறியத் தெரியும். நிரூபிக்கத்தான் தெரியாது. நிரூபிக்கத் தெரியாததை வாய்விட்டுச் சொல்வதைவிட, மேலாடை இல்லாமல் அந்த மேடையில் நிற்க அவர் சம்மதித்திருப்பார்.

விட்டேக்கர் நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம்.

"டாக்டருக்கு ரொம்ப நன்றி. அதாவது, முக்கால் பங்குக்குக் கிட்ட லாரியோட நேரடிப் புகை இல்ல. பதினாலு சதவீதம் கடலு. குழு கடலையும் வேற ரோட்டுல திருப்பி விடுமா?"

சிலர் சிரித்தார்கள். பெட்ரிச்சும், நகைச்சுவையை ரசிப்பவர் ஆகையால், சிரித்துவிட்டார். முதல் வரிசையில் மரிசெல் சிரிக்கவில்லை.

டக்வொர்த் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் பெட்ரிச், எனக்குச் சதவீதமெல்லாம் வேண்டாம். லாரிய அந்தத் தெருவுல இருந்து எடுத்தா அந்தப் புள்ளைங்களுக்கு நல்லதா, இல்லியா? ஆமா இல்லேன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சு நான் ஓட்டுப் போடறேன்."

 பெட்ரிச் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அந்த ஓடாத குழந்தையின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது.

"ஆமா" என்றார்.

என்ன ஆரவாரம்! தாய்மார்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மரிசெல் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். ஒக்டாவியோ தொப்பியை மேலே வீசினார். பெட்ரிச் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி பின்னாலேயே இருந்தது.

ஆனால் கைதட்டல் எங்கள் இனத்தாருக்கு ஒவ்வாது. பிழை எல்லை குறிப்பிடாத ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் தட்டுகிறார்களே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"ஆனா..."

மரிசெல் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஆனா, பள்ளிக்கூடத்து மாடியில மட்டும்தான் அளந்திருக்கோம். தண்டவாளப் பக்கம் அளக்கல. அந்த இருபத்தெட்டு, இருபதாவும் இருக்கலாம், முப்பத்தாறாவும் இருக்கலாம். அந்த முப்பத்தொண்ணப் பத்தி நாம நேர்மையா ஒத்துக்கணும்..." பிறகு, எழுதிய கட்டுரை ஒவ்வொன்றின் கடைசியிலும் எழுதி எழுதிக் கைக்குப் பழகி வாய்க்கும் பழகிப்போன அந்த வாக்கியம், அவர் அழைக்காமலே தானாக வந்து விழுந்தது: "மேலும் ஆய்வு தேவை."

டக்வொர்த் அம்மையார் பின்னால் சாய்ந்தார். ஒரு பக்கம் தாய்மார்கள், மறு பக்கம் துறைமுகம் என்று மாட்டிக்கொண்டிருந்தவருக்கு இதைவிட இனிமையான மூன்று சொற்கள் இருக்க முடியுமா? இரண்டு ஆண்டு விரிவான ஆய்வு நடத்துவது, அதுவரை லாரிகள் இப்போது போகிற வழியே போவது, ஆய்வுக்கு டாக்டர் பெட்ரிச்சே தலைமை வகிப்பது என்று அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தார். செலவைத் தங்கள் தரப்பே மகிழ்ச்சியோடு ஏற்கும் என்றார் விட்டேக்கர். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

எல்லாரும் வந்து பெட்ரிச்சின் கையைக் குலுக்கினார்கள். இப்படி ஒரு நடுநிலையான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று விட்டேக்கர் தோளைத் தட்டினார். ஒக்டாவியோ கடைசியாக வந்தார்.

"என்னைய விடுதல பண்ணிட்டீங்க டாக்டரே. நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்து வழியாத்தான் வரணும். புள்ளைங்க கையாட்டுமே, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாப்பேன்?"

 வீட்டுக்குப் போகும் வழியில் மரிசெல்தான் காரை ஓட்டினாள். துறைமுகப் பாலம் தாண்டியதும் சிக்னலில் கார் நின்றது.

"இன்னிக்கு இது தோத்துப்போனதுக்கு யாரு காரணம், டிராகோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். அமைதியாகக் கேட்டாள். நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"அந்த வக்கீல் கெட்டிக்காரன். அவனுக்கு ஒரு நாப்பது குடுக்கலாம். டக்வொர்த் அம்மாவுக்குப் பயம். அது முப்பத்தஞ்சு. ஆளுக்கு ரெண்டே நிமிஷம்னு வச்சிருக்காங்களே, அந்த முறையே தப்பு, அது ஒரு பதினஞ்சு. ஒக்டாவியோ முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தது, பத்து."

"கூட்டினா நூறு வருதா?"

"வருது." அவர் குரலில் ஒரு சின்னத் திருப்தி. "சரியா வருது."

"அப்ப உனக்கு இடமே இல்லையே" என்றாள் மரிசெல்.

சிக்னல் பச்சையானது. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியது. பெட்ரிச் மறுபடி கூட்டிப் பார்த்தார். யாரிடமிருந்து எடுத்துத் தனக்குப் போட்டுக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இடையில் ஒருமுறை "மரிசெல்" என்றார். அவள் திரும்பவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் இறங்கிப் போய்விட்டாள். அவர் வெகு நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அன்று ஒரு நாள் மட்டும் அவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் ஆய்வு தொடங்கிவிட்டது. வேறு என்ன செய்வார்?

சரி வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே நீங்களும் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். பெட்ரிச்சுக்குப் பாதி, வக்கீலுக்குக் கால், மிச்சம் தலைவிக்கு என்று ஏதோ ஒன்று. உங்கள் ஊரிலும் ஒரு பள்ளி இருக்கும், அதன் வாசலில் புகை இருக்கும், அதற்கும் பஸ்காரன் இவ்வளவு, நகராட்சி இவ்வளவு, குப்பை எரிக்கும் எதிர்வீட்டுக்காரர் இவ்வளவு என்று எப்போதோ பிரித்து முடித்திருப்பீர்கள். கூட்டிப் பாருங்கள். நூறு வந்துவிட்டதா?

வந்துவிட்டால், வாருங்கள். மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. டோனட்டும் மிச்சம் இருக்கிறது.